ஊரின் எல்லை: கல்முனைக் கரையில் ஒரு மார்க்கக் கேள்வி

ஒரு பட்டினமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் ஒரே ஊரா, பல ஊர்களா என்பது நிர்வாகம் சார்ந்த கேள்வியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் இஸ்லாமிய மார்க்கச் சட்டத்திலும் மெய்யியலிலும் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை ஓர் ஊரில் எத்தனை பள்ளிகளில் நடத்தலாம், பயணிக்குரிய சலுகை எந்த இடத்தில் தொடங்குகிறது, வயலில் விளைந்த நெல்லின் ஸகாத் (கட்டாய தானம்) எவ்வூர் ஏழைக்கு உரியது, அயலவர் என்போர் யார் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் ஊரின் எல்லையைத் தீர்மானிக்காமல் விடை சொல்ல இயலாது. இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும், இந்த மார்க்கக் கேள்வி உள்ளூராட்சிச் சபைகளின் எல்லைத் தகராறோடு பிணைந்து கிடக்கிறது.

கல்முனையும் சுற்றூர்களும்

கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையே அகலம் குறைந்த மணல் நிலம். அதன்மீது வடக்கிலிருந்து தெற்காகப் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும் சற்று உள்ளே, வயலோரமாக உள்ளன. மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். பாண்டிருப்பும் சேனைக்குடியிருப்பும் தமிழ் ஊர்கள். நற்பிட்டிமுனையில் இரு சமூகத்தாரும் வாழ்கின்றனர். பிரதான வீதியின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் இடைவெளியின்றித் தொடர்வதால், ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பெயர்ப்பலகையோ உள்ளூர்வாசியோ சொன்னால்தான் தெரியும்.

நிர்வாக எல்லை பலமுறை மாறியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து 1961 இல் அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டில் கல்முனைக்கு ஒரு பட்டின சபை இருந்தது. அதைச் சூழ்ந்த பகுதி கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என மூன்று கிராம சபைகளின் கீழ் இருந்தது. மருதமுனை, பாண்டிருப்பு பக்கம் வடக்குச் சபைக்கும், நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு பக்கம் மேற்குச் சபைக்கும், சாய்ந்தமருது தெற்குச் சபைக்கும் உரியவை. 1980களின் சீர்திருத்தங்களில் பட்டின சபைகளும் கிராம சபைகளும் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் நான்கு பகுதிகளும் ஒரே கல்முனைப் பிரதேச சபையாயின. பின்னர் அது தரமுயர்ந்து 2001 இல் மாநகர சபையானது.

இணைப்புக்குப் பின் பிரிவுக் கோரிக்கைகள் எழுந்தன. சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனிச் சபை கேட்டனர். 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், அவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலின் ஆதரவோடு போட்டியிட்ட சுயேச்சைக் குழு சாய்ந்தமருது வட்டாரங்களில் வென்றது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை அமைக்கும் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் எஞ்சிய சபையில் தமது பெரும்பான்மை குறையும் என்று கல்முனை முஸ்லிம்களில் ஒரு சாரார் அஞ்சினர். பிரிப்பதானால் பழையபடி நான்காகப் பிரிக்க வேண்டும் என்றனர். மறுபுறம், கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரிவின் உப பிரதேச செயலகத்தை முழுமையான பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 யூனில் பௌத்த பிக்கு ஒருவரும் இந்துக் குருக்களும் பிறரும் உண்ணாவிரதம் இருந்தனர். அதற்கு எதிராக முஸ்லிம் தரப்பிலும் சத்தியாக்கிரகம் நடந்தது.

தெற்கே அக்கரைப்பற்றில் வேறோர் ஏற்பாடு உள்ளது. பட்டினம் 2011 இல் மாநகர சபையானது. அதை ஒட்டிய கிராமப்புறம் அதே பெயரில் தனிப் பிரதேச சபையாக நீடித்தது. தமிழர் வாழும் ஆலையடிவேம்பு மற்றொரு சபையின் கீழ் வருகிறது.

பட்டினத்துக்கு ஒரு சபை, அதே பெயருடைய சுற்றுக் கிராமங்களுக்கு வேறொரு சபை என்ற ஏற்பாடு பின்லாந்தில் நூறாண்டுகளுக்கு மேல் பொதுவழக்காக இருந்தது. அங்கே 1865 ஆம் ஆண்டின் கட்டளை, கிராமப்புற உள்ளூராட்சியைத் தேவாலயப் பங்கிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்கியது. அதன்பின் போர்வோ, ரொவானியெமி, யுவாஸ்கிலா முதலிய சிறு நகரங்கள் ஒவ்வொன்றையும் சூழ்ந்து அந்நகரின் பெயரையே தாங்கிய கிராமிய நகராட்சி இருந்தது. காலப்போக்கில் குடியிருப்புகள் எல்லையைத் தாண்டிப் பரவின. போர்வோவில் 1997 இலும், ரொவானியெமியில் 2006 இலும், யுவாஸ்கிலாவில் 2009 இலும் நகரமும் கிராமமும் இணைந்தன. ஒரே நகராட்சிக்குள் வரும் லூத்தரன் பங்குகளும் கூட்டமைப்பாகச் சேர வேண்டும் என்பதால், அங்கே அரசின் எல்லையைச் சமயத்தின் எல்லை பின்தொடர்கிறது. கல்முனைக் கரையில் அப்படி இல்லை. பள்ளிவாசலைச் சார்ந்த குடும்பங்களின் தொகுதியான மஹல்லாவுக்கும் சபையின் எல்லைக்கும் சட்டத் தொடர்பு கிடையாது.

ஜும்ஆவும் ஊரின் வரையறையும்

இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபை (சட்ட மரபை)ப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின்படி ஜும்ஆ நிறைவேறுவதற்குப் பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள, அவ்வூரையே நிலையான வசிப்பிடமாகக் கொண்ட நாற்பது ஆண்கள் தேவை. தொழுகை ஊரின் கட்டடப் பரப்புக்குள் நடக்க வேண்டும். அதே ஊரில் அதற்கு முந்தியோ கூடவோ வேறு ஜும்ஆ நடந்திருக்கக் கூடாது. ஐவேளைத் தொழுகைக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஊர் முழுவதும் ஓரிடத்தில் திரள்வதே ஜும்ஆவின் நோக்கம் என்பதால், ஊர் எது என்பது தொழுகை செல்லுபடியாவதையே தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

நிலையான வசிப்பிடம் என்ற நிபந்தனை கிழக்கிலங்கையில் தனி விளைவைத் தருகிறது. இப்பகுதி முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை (குடி என்பது குலம்) நிலவுகிறது. மகளுக்குச் சீதன வீடு கொடுப்பதும், மணமகன் பெண் வீட்டுக்குக் குடிபோவதும் வழக்கம். மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதில் மணமுடித்துக் குடியேறியவர் சாய்ந்தமருதின் நாற்பதில் ஒருவராகவே கணக்கிடப்படுவார். பிறந்த ஊருக்கு வெள்ளிக்கிழமை வந்தால் அவருடைய தொழுகை கூடும். ஆனால் அங்கே நாற்பதை நிறைவாக்க அவர் எண்ணப்படமாட்டார். குடி, பிறப்பு, சொத்து ஆகியவற்றை இந்த விதி கணக்கில் எடுப்பதில்லை. தங்கி வாழும் எண்ணமே அதற்கு அளவுகோல்.

ஹனபி மத்ஹபின் பார்வை வேறு. அதன்படி ஜும்ஆ பட்டினத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் உரியது. கிராமத்தில் அது கடமையன்று. ஆட்சியாளரும் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிபதியும் உள்ள இடமே பட்டினம் என்று அம்மத்ஹபின் அறிஞர் சிலர் வரையறுத்தனர். ஊர்மக்கள் அனைவரும் கூடினால் அங்குள்ள பெரிய பள்ளி கொள்ளாத இடம் என்றனர் வேறு சிலர். முதல் வரையறை ஊரை அதிகாரத்தால் அளக்கிறது, இரண்டாவது மக்கள்தொகையால் அளக்கிறது. ஒரு குடியிருப்பு எப்போது நகர சபைத் தகுதி பெறுகிறது என்று இக்காலத்தில் கேட்கும்போதும் இவ்விரு அளவுகோல்களே முன்வைக்கப்படுகின்றன.

ஷாபிஈ மத்ஹப் கிராமத்துக்குத் தரும் இடம் இதைவிடப் பெரியது. நாற்பது பேர் உள்ள கிராமம் தன் ஜும்ஆவைத் தானே நடத்த வேண்டும். அதைக் கைவிட்டுப் பட்டினத்துப் பள்ளிக்குப் போய்த் தம் இடத்தை ஜும்ஆ இல்லாமல் ஆக்குவது கூடாது என்று பிற்கால நூலாசிரியர்கள் எழுதினர். நாற்பது பேர் இல்லாத கிராமத்தாருக்கோ வேறு விதி. அக்கிராமத்தை நோக்கிய பட்டின ஓரத்தில் உரத்த குரலுடைய ஒருவர் நின்று, காற்றும் இரைச்சலும் அடங்கிய வேளையில் பாங்கு சொன்னால், அது கேட்கும் தொலைவில் இருப்பவர்கள் பட்டினத்துக்குச் செல்ல வேண்டும். இந்த விதியில் பட்டினத்தின் செல்வாக்கு மனிதக் குரலின் எட்டளவோடு நின்றுவிடுகிறது. ஒலிபெருக்கி அதில் கணக்கில்லை.

இணைந்துபோன ஊர்கள்

பல கிராமங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது கல்முனைக் கரைக்கு நேரடியாகப் பொருந்தும் கேள்வி. ஷாபிஈ அறிஞர்கள் இதைப் பக்தாத் நகரை வைத்து ஆராய்ந்தனர். 820 இல் மறைந்த இமாம் ஷாபிஈ பக்தாதுக்கு வந்த காலத்தில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஜும்ஆக்கள் நடந்தன. ஓர் ஊருக்கு ஒரு ஜும்ஆ என்பதே அவருடைய கருத்து. ஆயினும் அங்கு நடந்ததை அவர் கண்டிக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவருடைய வழிவந்தோர் பல விளக்கங்கள் தந்தனர். 1277 இல் மறைந்த இமாம் நவவி தம் மின்ஹாஜ் நூலில் அவற்றைச் சுருக்கித் தொகுத்துள்ளார்.

அவர் ஏற்ற விளக்கம் சிரமம் பற்றியது. ஊர் பெரிதாகி எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது கடினமானால் ஜும்ஆக்கள் பலவாகலாம். ஒரு சாரார் இந்த விலக்கையே ஏற்கவில்லை. நகரை ஊடறுத்துப் பேராறு ஓடினால் இருகரையும் இரண்டு ஊர்களாகும் என்பது மற்றொரு கருத்து. பக்தாதின் நடுவே தைகிரிஸ் ஓடுவதை அவர்கள் எண்ணினர். தனித்தனிக் கிராமங்களாக இருந்தவை பின்னர் இணைந்திருந்தால், முன்பிருந்த கிராமங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஜும்ஆக்களும் பலவாகலாம் என்பது நான்காவது கருத்து.

இந்த நான்கும் ஊரைப் பற்றிய நான்கு வேறு எண்ணங்கள். முதல் கருத்தில் ஊரைப் பிரிக்கத்தக்கது மக்களின் உண்மையான இடர். இரண்டாம் கருத்தில் ஒற்றுமை எந்த இடருக்கும் விட்டுக்கொடுக்காது. மூன்றாவது நிலத்தின் அமைப்பையும் நான்காவது வரலாற்றையும் அடிப்படையாகக் கொள்கின்றன. சாய்ந்தமருது ஒருகாலத்தில் தனிக் கிராம சபையாக இருந்தது, ஆகவே மீண்டும் தனிச் சபை வேண்டும் என்ற வாதமும், நான்கு சபைகளாக இருந்தது நான்காகவே பிரிய வேண்டும் என்ற மறுவாதமும் கடைசிக் கருத்தின் வழியே செல்பவை. நவவி அதை முதன்மையாக ஏற்கவில்லை. பழைய எல்லை இருந்தது என்பதால் மட்டும் புதிய பிரிவு நியாயமாகிவிடாது. இன்றுள்ள இடரைக் காட்ட வேண்டும் என்பதே அவர் தேர்ந்த விளக்கத்தின் உட்பொருள்.

நடைமுறையில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இன்று பல பள்ளிகளில் ஜும்ஆ நடைபெறுகிறது. சனத்தொகையும் இடநெருக்கடியும் ஒரு காரணம். இயக்கங்களுக்கிடையிலான கருத்து வேறுபாடும் மற்றொரு காரணம். முதல் காரணம் நூல்கள் சொல்லும் சிரமத்துக்குள் அடங்கும். இரண்டாவது அடங்குமா என்பதில் உலமாக்கள் ஒத்த கருத்தினர் அல்லர். தேவையின்றி ஜும்ஆ பலவாகிவிட்டதோ என்று ஐயப்படுவோர் பேணுதலுக்காக ஜும்ஆவுக்குப் பின் ளுஹர் என்ற நண்பகல் தொழுகையையும் தொழும் வழக்கம் ஷாபிஈ மக்களிடையே உண்டு.

பயணம் தொடங்கும் இடம்

பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். அந்தச் சலுகை வீட்டுப் படியிலிருந்து தொடங்குவதில்லை. ஊருக்கு மதில் இருந்தால் மதிலையும், இல்லாவிட்டால் கட்டடங்களின் தொடர்ச்சியையும் கடந்த பின்னரே தொடங்கும். வயல்களையும் தோப்புகளையும் கடந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கிராமங்கள் ஒட்டியிருந்தால் அவை ஒரே ஊராகக் கொள்ளப்பட்டு இரண்டையும் தாண்ட வேண்டும். இடையில் சிறிது வெளி இருந்தாலும் தன் ஊரைத் தாண்டினாலே போதும்.

இந்த விதியின்படி கல்முனைக்குடியில் இருந்து தெற்கே புறப்படுபவருக்குச் சாய்ந்தமருதின் எல்லைப்பலகை ஒரு பொருட்டன்று. வீடுகள் தொடரும்வரை அவர் ஊருக்குள் இருப்பவரே. அதேவேளை மேற்கே வயலை நோக்கிப் போனால் சில நிமிடங்களில் ஊரைக் கடந்துவிடுவார். ஜும்ஆவின் பொருட்டு இணைந்த கிராமங்களைத் தனித்தனியாக எண்ணலாம் என்ற கருத்துக்கு மத்ஹபுக்குள் இடம் இருந்தது. பயணத்திலோ இணைந்தவை ஒன்றாகவே கொள்ளப்பட்டன. ஒரே நிலப்பரப்புக்கு ஒரே நூலில் இரண்டு எல்லைகள் பேசப்பட்டதைச் சட்ட அறிஞர்கள் முரண்பாடாகக் கருதவில்லை. கடமை வேறு, அதனால் எல்லையும் வேறு என்பதே அவர்கள் கொண்ட முறை.

வயலும் ஏழையும்

கரையோர ஊர்களின் பெருஞ்செல்வம் நெல். வயல்கள் கடற்கரைக்கு மேற்கே சம்மாந்துறை, இறக்காமம், அக்கரைப்பற்றுப் பக்கமாகப் பரந்துள்ளன. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் அவற்றுள் பெரும்பகுதிக்குப் பாய்கிறது. போடியார் எனப்படும் நிலவுடைமையாளர் பட்டினத்தில் குடியிருக்க, வயலைப் பார்த்துக்கொள்ள முல்லைக்காரர் வட்டையில் (வயல்வெளியில்) தங்குவது இப்பகுதியின் பழைய ஏற்பாடு. உடைமையாளரின் ஊரும் விளைச்சலின் ஊரும் இவ்வாறு வேறுபடுகின்றன.

தானியத்தின் ஸகாத்துக்குக் குறைந்த அளவு ஐந்து வஸக் (ஒரு முகத்தலளவை). உமியோடு சேமிக்கப்படும் தானியம் என்பதால் ஷாபிஈ நூல்கள் நெல்லுக்குப் பத்து வஸக் என்று கணக்கிடுகின்றன. மழையால் விளைந்தால் பத்திலொரு பங்கும், செலவிட்டு இறைத்துப் பாய்ச்சினால் இருபதிலொரு பங்கும் கடமை. பங்கு எவ்வூர் ஏழைக்கு உரியது என்பது அடுத்த கேள்வி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யெமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வரிடம் பெற்று அங்குள்ள ஏழைக்கு வழங்குமாறு சொன்னதை ஷாபிஈ மத்ஹப் இடவரம்பாகக் கொண்டது. ஆகவே செல்வம் இருக்கும் ஊரில் உரியவர்கள் இருக்கும்போது ஸகாத்தை வேறூருக்குக் கொண்டுபோகக் கூடாது. நோன்புப் பெருநாள் ஸகாத்தோ ஆளைப் பின்தொடர்வது. அது கொடுப்பவர் இருக்கும் ஊரில் வழங்கப்படும்.

இதன்படி சாய்ந்தமருதில் வாழ்பவரின் சம்மாந்துறை வயலில் விளைந்த நெல்லின் பங்கில் முதல் உரிமை வயல்பக்கத்து முஸ்லிம் ஏழைகளுக்கு. அவருடைய பெருநாள் ஸகாத் சாய்ந்தமருதின் ஏழைகளுக்கு. ஒரே மனிதர் இரண்டு ஊர்களுக்குக் கடன்பட்டவராகிறார். ஹனபி மத்ஹப் இடமாற்றத்தை வெறுக்கத்தக்கது என்று சொன்னாலும் செல்லாது என்று சொல்லவில்லை; பிற்கால ஷாபிஈ அறிஞர் சிலரும் இடமாற்றத்துக்கு இடமளித்தனர். வறுமை மிகுந்த தூரத்து ஊருக்கு உதவும் வாய்ப்பு அதனால் கிடைக்கிறது. மூல விதியும் ஒரு நியாயத்தைக் காக்கிறது. சுற்றுக் கிராமத்தின் விளைச்சல் முழுவதும் பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்து, விளைந்த மண்ணில் உள்ளவர் வெறுங்கையோடு நிற்கும் நிலையை அது தடுக்கிறது. சந்தை வரியும் கடை வாடகையும் பட்டினத்துச் சபைக்கே சேர, சந்தைக்குப் பொருள் அனுப்பும் கிராமங்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற உள்ளூராட்சிக் கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது.

அயல்

ஜும்ஆவும் ஸகாத்தும் முஸ்லிம்களுக்கு உள்ளான கடமைகள். அயலுரிமை மதத்தைத் தாண்டியது. குர்ஆனின் நிஸா அத்தியாயம் 36 ஆம் வசனம் நெருங்கிய அயலாரையும் தூரத்து அயலாரையும் சேர்த்தே நன்மைக்குரியவர்களாகச் சொல்கிறது. 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இஹ்யா நூலில் எடுத்தாளும் பாகுபாட்டில் அயலார் மூவகையினர்: முஸ்லிமும் உறவினருமான அயலாருக்கு மூன்று உரிமைகள், உறவல்லாத முஸ்லிம் அயலாருக்கு இரண்டு, முஸ்லிமல்லாத அயலாருக்கு ஒன்று. கடைசியானவருக்கு உள்ள அந்த ஓர் உரிமை அயலார் என்ற நிலையினாலேயே வருவது. வேறெந்த அடையாளமும் அதற்குத் தேவையில்லை.

அயல் எதுவரை என்பதற்கும் அளவு தரப்பட்டது. அயலாருக்கென்று ஒருவர் மரணசாசனம் எழுதினால், வீட்டின் நான்கு திசையிலும் நாற்பது நாற்பது வீடுகள் என்று ஷாபிஈ மத்ஹப் கணக்கிடுகிறது. நற்பிட்டிமுனையிலோ பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் இடைப்பட்ட பகுதியிலோ இந்த வட்டத்தை வரைந்தால் அது தமிழ் வீடுகளையும் முஸ்லிம் வீடுகளையும் உள்ளடக்கும். சபை எல்லையும் பிரதேச செயலக எல்லையும் அந்த வட்டத்தை எங்கே வெட்டினாலும் அயலுரிமை குறைவதில்லை.

இரு சமூகங்களின் நிறுவனங்களும் ஒரே மண்ணில் வேர்கொண்டவை. முஸ்லிம் பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறையில் நிர்வாகிகள் அமைந்தனர். தமிழர் கோயில்களில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் பொறுப்பேற்றனர். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இரு சமூகத்தாரும் பகிரும் தாய்வழிக் குடிமுறையை விரிவாகப் பதிந்துள்ளார். உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் இந்த உறவு கடுமையாகச் சிதைந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் வீடு கட்டத் தடைவிதித்து கிழக்கில் 200 மீற்றர் வலயம் அறிவிக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்தோரைக் குடியேற்ற நிலம் தேட வேண்டியதாயிற்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு வழங்குவது என்ற வழக்கின் பின் நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்தன. பாதிக்கப்பட்டவர் என்ற அடிப்படை முதன்மையானதா, இன விகிதாசாரம் முதன்மையானதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. அயலுரிமை பற்றிய மார்க்க விதி தேவையையும் நெருக்கத்தையும் முன்வைக்கிறது. எண்ணிக்கைச் சமநிலை அதன் கணக்கில் வருவதில்லை.

பகுதியா, பணியாளா

சட்ட அறிஞர்கள் கடமை கடமையாகப் பிரித்து நோக்கியதை மெய்யியலாளர் ஒட்டுமொத்தமாக நோக்கினர். 950 இல் மறைந்த அல்பாராபி தம் சீரிய நகரம் பற்றிய நூலில் மனிதக் கூட்டங்களை நிறைவானவை, நிறைவற்றவை என இரண்டாக்கினார். நிறைவானவற்றுள் மிகச் சிறியது நகரம். கிராமம், குறிச்சி, தெரு, வீடு ஆகியன நிறைவற்றவை. குறிச்சியும் கிராமமும் நகரத்துக்காகவே உள்ளன. எனினும் குறிச்சி நகரத்தின் பகுதி, கிராமம் நகரத்தின் பணியாளர் என்று அவர் வேறுபடுத்தினார். வீட்டிலிருந்து கிராமம், கிராமத்திலிருந்து அரசு என்று படிப்படியாக விளக்கிய அரிஸ்டோட்டிலின் எண்ணம் இதன் பின்னணியில் உள்ளது.

பாராபியின் வேறுபாடு எல்லைத் தகராறின் உட்கருவைக் காட்டுகிறது. மாநகர சபைக்குள் சாய்ந்தமருது ஒரு குறிச்சியா, கிராமமா என்பதுதான் சிக்கல். பகுதி என்று சொல்லிக்கொண்டே பணியாளராக நடத்தப்படுவதாக மக்கள் உணரும்போது பிரிவுக் கோரிக்கை வலுப்பெறுகிறது. பாண்டிருப்பு, சேனைக்குடியிருப்புத் தமிழர்களின் செயலகக் கோரிக்கையிலும் இதே உணர்வு செயற்படுகிறது. ஆகவே தன் ஊருக்குத் தனிச் சபை நியாயம் என்பவர் அடுத்த ஊரின் அதேபோன்ற கோரிக்கையை அநியாயம் என்று ஒதுக்கினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் கடமை அவருக்கு உண்டு.

1377 இல் முகத்திமா எழுதிய இப்னு கல்தூன் வேறு கோணத்தில் நோக்கினார். நகர வாழ்வுக்கு முந்தியது நாட்டுப்புற வாழ்வு. நகர மக்கள் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் அடிப்படைத் தேவைகளுக்கான கருவிகளும் கைத்தொழில்களும் நகரில் இருப்பதால், நாட்டுப்புறத்தார் நகரத்துக்குக் கட்டுப்பட்டவராகின்றனர் என்றார். பாராபி இயல்பின் ஒழுங்காகக் கொண்ட கீழ்ப்படிதலை இப்னு கல்தூன் பொருளியல் நிலைமையின் விளைவாகக் கண்டார். நிலைமை மாறினால் உறவும் மாறும் என்பது அதன் தொடர்ச்சி. பாடசாலைகளும் வங்கிக் கிளைகளும் கடைகளும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் பெருகிய பின், கல்முனையைச் சார்ந்திருக்க வேண்டிய காரணங்களுள் பல மறைந்தன. தனிச் சபைக் கோரிக்கை இந்த வளர்ச்சிக்குப் பின்னரே பெரும் இயக்கமானது.

இவ்விரு மெய்யியலாளரோடு ஒப்பிடும்போது ஷாபிஈ சட்டத்தின் நிலை தனித்தது. நாற்பது பேர் உள்ள கிராமம் ஜும்ஆவைப் பொறுத்தமட்டில் பட்டினத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பாராபி நிறைவற்றது என்று கூறிய கூட்டத்துக்குச் சட்டம் முழுமையான சமயத் தகுதியை வழங்கியது.

பள்ளிவாசலும் சபையும்

இலங்கையில் பள்ளிவாசல்களின் நிர்வாகம் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நம்பிக்கையாளர்களை வக்பு சபை நியமிக்கிறது. மஹல்லா என்பது அப்பள்ளிக்குச் சந்தா கொடுத்து, அங்கே திருமணம் பதிந்து, அதன் மையவாடியில் அடக்கம் செய்யப்படும் குடும்பங்களின் தொகுதி. அதன் எல்லை வழக்கத்தால் அமைவது. சாய்ந்தமருது–மாளிகைக்காடு ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள் வருகிறது. மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குள் வருகிறது. இரண்டு சபைகளின் மக்கள் ஒரே பள்ளியின் ஜமாஅத். சபை எல்லை எப்படி மாறினாலும் இந்த ஜமாஅத் பிரிய வேண்டியதில்லை. ஜமாஅத் ஒன்று என்பதால் சபையும் ஒன்றாக வேண்டியதில்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வி எஞ்சுகிறது. மஹல்லாவின் ஒற்றுமையைக் கொண்டு பள்ளிவாசல் சபைக் கோரிக்கையை முன்னெடுக்கலாமா? ஆதரிப்போர், ஊரின் பொது நலனைப் பேசத்தக்க ஒரே பொதுமன்றம் பள்ளிவாசல் என்கின்றனர். குடிகளும் மரைக்காயரும் வழியாக அது எப்போதும் அந்தப் பணியைச் செய்து வந்தது என்பது அவர்களின் வாதம். மறுப்போர், தேர்தலில் ஒரு பக்கம் நின்ற பள்ளிவாசல் மறுபக்கத்தாரின் ஜும்ஆவுக்கு எப்படிப் பொதுவாகும் என்று கேட்கின்றனர். ஜும்ஆவின் நோக்கம் ஊரைத் திரட்டுவது என்ற அடிப்படையில் நோக்கினால் இரண்டாவது வாதம் கனமானது. ஊரைப் பிளக்கும் விடயத்தை மிம்பரில் ஏற்றினால், ஒரே ஜும்ஆ என்ற விதி எதைக் காக்க வந்ததோ அதுவே சேதப்படும்.

மேற்கண்ட விதிகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஊருக்கு ஒரே எல்லை இல்லை. தொழுகைக்குத் திரளும் எல்லை, பயணத்தின் எல்லை, பங்கீட்டின் எல்லை, அயலின் எல்லை ஆகியவை வெவ்வேறு. இவற்றுள் எதுவும் குப்பை அள்ளுதல், வடிகால், வீதிவிளக்கு, சந்தை ஆகியவற்றுக்கான சபை எல்லையோடு ஒன்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. இரண்டாவது, பிரிவுக்கான ஆதாரத்தைக் காட்டும் பொறுப்பு பிரிவு கேட்பவருடையது. ஷாபிஈ சட்டத்தில் ஒன்றுகூடுதல் அடிப்படை விதி, பலவாதல் இடரால் வரும் விலக்கு. தொலைவு, நெருக்கடி, சேவை கிட்டாமை போன்ற காட்டத்தக்க இடர் அந்த விலக்குக்கு ஆதாரமாகும். பழம்பெருமையும் எண்ணிக்கை அரசியலும் ஆகா. மூன்றாவது, தன் காலில் நிற்கக்கூடிய சிற்றூரைப் பட்டினத்துக்காக வெறுமையாக்கவும் கூடாது. இடரும் தகுதியும் ஒருங்கே உள்ள இடத்தில் பிரிவை மறுப்பதற்கு ஒற்றுமை என்ற பெயர் மட்டும் போதாது. நான்காவது, எந்த எல்லை வரையப்பட்டாலும் அதற்கப்பால் உள்ளவரிடம் பட்ட கடன் தீர்வதில்லை. வயல் உள்ள ஊரின் ஏழைக்கும் நாற்பது வீட்டுக்குள் உள்ள வேற்று மதத்தவருக்கும் உரியது சபை எல்லையைப் பொறுத்ததன்று.

சபைகளை எத்தனையாகப் பிரிப்பது, செயலகங்களுக்கு எங்கே கோடு போடுவது என்பவை நாட்டின் சட்டமும் மக்களின் உடன்பாடும் முடிவு செய்ய வேண்டியவை. பிக்ஹு நூல்கள் அதற்கு வரைபடம் தருவதில்லை. ஒவ்வோர் எல்லையும் எந்தக் கடமைக்காக வரையப்படுகிறது என்று முதலில் கேட்கும் முறையையே அவை தருகின்றன. அம்முறையைப் பின்பற்றினால் சாய்ந்தமருதின் கோரிக்கை, கல்முனை வடக்கின் கோரிக்கை, அக்கரைப்பற்றின் இரட்டைச் சபை ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியும்.